ஆறரை மணிப் பிராணி

மதுரைப் பக்கம் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் பொழுது சாய்ந்து அரைமணி நேரத்துக்குள் இருப்பிடத்தை விட்டு வெளியே வந்துவிடும். மார்கழியில் ஆறரை, ஆனியில் ஏழு என்று கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். நான் முதுகலை விலங்கியல் படித்த காலத்தில் எங்கள் மகளிர் விடுதியின் கதவு எல்லா மாதமும் ஆறு மணிக்கே பூட்டப்பட்டது. என் ஆய்வேட்டுக்கு நான் எடுத்திருந்த தலைப்பு வௌவாலின் செவிப்புலன். வகுப்பில் இருந்த பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கும் மலைக்குகைக்கும் போய்க் குறிப்பெழுதி வருவார்கள். மறுநாள் காலையில் அவர்களுடைய நோட்டை வாங்கி நான் படிப்பேன்.

வார்டனிடம் அனுமதி கேட்டபோது, "பகல்ல நடமாடுற பிராணி எதுவுமே கிடைக்கலையாம்மா உனக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகவே கேட்டார். அணில், ஓணான் என்று இரண்டு மூன்றைச் சிபாரிசும் செய்தார். இப்படித்தான் பெண்களின் ஆராய்ச்சித் தலைப்புகள் பல தீர்மானமாகின்றன என்பது பிறகு புரிந்தது. பகலில் பூக்கும் செடி, பேருந்து போகும் ஊர், அப்பாவுக்குத் தெரிந்தவர் இருக்கும் ஆய்வகம் என்று தலைப்பு சுருங்கிக்கொண்டே வரும். 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்சரா தோட்' என்ற பெயரில் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து இறங்கியபோது, அதைச் சினிமா பார்க்கப் போகும் உரிமையாக மட்டும் பலர் புரிந்துகொண்டார்கள். சினிமாவுக்குப் போகும் உரிமையும் வேண்டியதுதான். ஆனால் இரவில் மட்டுமே படிக்கக்கூடிய விஷயங்களும் உலகத்தில் இருக்கின்றன.

வௌவாலை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு பழைய கதை. இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தில் இருந்த லாசரோ ஸ்பல்லான்சானி என்ற பாதிரியார் 1793இல் ஒன்றைக் கவனித்தார். விளக்கு முழுதும் அணைந்துபோனால் ஆந்தைகூடச் சுவரில் முட்டுகிறது, வௌவால் முட்டுவதில்லை. வௌவால்களின் கண்ணைக் குருடாக்கிப் பார்த்தார் (அந்தக் காலத்து ஆராய்ச்சியின் கொடூரம் அது). அப்போதும் அவை தடையில்லாமல் பறந்தன, பூச்சியும் பிடித்தன. ஜெனீவாவில் லூயி ஜுரின் என்பவர் காதை அடைத்தபோதுதான் கண்டபடி மோதி விழுந்தன. ஆக, காதில் ஏதோ இருக்கிறது. ஆனால் வௌவால் பறக்கும்போது மனிதக் காதுக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லையே! காதால் பார்க்குமென்றால் கண்ணால் கேட்குமோ என்கிற ரீதியில் கேலி கிளம்பியது. புகழ்பெற்ற குவியே, இறக்கையின் தொடுவுணர்ச்சிதான் காரணம் என்று சொல்லிவிட்டார். பெரிய மனிதர் சொன்னதால் அதுவே நிலைத்தது. சுமார் 140 ஆண்டுகள்.

1938இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டொனால்டு கிரிஃபின், இயற்பியல் பேராசிரியர் பியர்ஸ் வைத்திருந்த ஒரு கருவியின் முன்னால் கூண்டோடு வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். பூச்சிகளின் மிகை ஒலியைக் கேட்பதற்காகச் செய்த கருவி அது. அதில் அறை முழுக்க வௌவால்களின் இரைச்சல் கேட்டது. பிறகு கிரிஃபினும் ராபர்ட் கலம்போஸும் சேர்ந்து செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. காதை அடைத்தால் வௌவால் முட்டியது, அது பழைய செய்தி. வாயைக் கட்டினாலும் முட்டியது. காது சரியாக இருந்தும், குரல் இல்லாததால் அதற்கு உலகமே இல்லாமல் போயிற்று. 1944இல் கிரிஃபின் இதற்கு 'எக்கோலொக்கேஷன்' என்று பெயர் வைத்தார். எதிரொலியால் இடமறிதல் என்று நாம் பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம்.

கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்டு ஆழம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளிப் பறக்கும் கொசுவில் பட்டுத் திரும்பிவர ஏறக்குறைய 6 மில்லிநொடி ஆகும். அந்த இடைவெளியை அளந்து தூரத்தை அறிகிறது வௌவால். தன் குரலே தன் காதைச் செவிடாக்காதபடி, கத்துவதற்குச் சற்று முன்னால் நடுச்செவியின் தசை இறுகிக்கொள்கிறது. கத்தி முடித்ததும் தளர்ந்து எதிரொலிக்கு இடம் விடுகிறது. இது நொடிக்குப் பல முறை நடக்கிறது. (பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு இந்த வித்தை கிடையாது. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பது. ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிற அதைப் பார்த்துவிட்டு எல்லா வௌவாலும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.)

எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, பேட் டிடெக்டரை ஒரு வாரத்துக்குக் கொடுத்து உதவினார். வௌவாலின் மிகை ஒலியை நம் காதுக்கு எட்டும் அளவுக்கு இறக்கித் தரும் சின்னப் பெட்டி அது. காயப்போட்ட துணி எடுப்பதற்காக விடுதியின் மொட்டைமாடி எட்டு மணி வரை திறந்திருக்கும். நைட்டியோடு போய் நின்றேன். தெருவிளக்கைச் சுற்றிக் கட்டைவிரல் அளவே உடம்புள்ள ஒரு வௌவால் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எண்ணை 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் திருப்பியதும், அதுவரை அமைதியாக இருந்ததாக நான் நினைத்த இரவு டிக் டிக் டிக் என்று பேசத் தொடங்கியது. தேடும்போது நொடிக்குப் பத்துப் பதினைந்து டிக். பூச்சி அகப்பட்டதும் டிக்குகள் நெருங்கி நெருங்கி, துணி கிழிவதைப்போல ஒரே 'ட்ர்ர்ர்'. நொடிக்கு 150, 200 வரை போகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பிறகு ஒரு கணம் மௌனம், அது மெல்லுகிற நேரம். அறைத்தோழிகள் ஒவ்வொருத்தியாக மேலே வந்தார்கள். துணி எடுக்க அன்றைக்கு அத்தனை பேர் வந்தது வார்டனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இரவில் காதால் கேட்டு நடப்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைதான். "ரோட்டுல போறப்ப பின்னாடி யாரு வர்றான்னு காதை வச்சுக்கிட்டே போ ஆத்தா" என்று அம்மா சொல்லி அனுப்புவாள். பின்னால் வரும் செருப்புச் சத்தம் நெருங்குகிறதா, விலகுகிறதா? பைக் நம்மைத் தாண்டும் முன்னால் சத்தத்தின் சுருதி இறங்கினால் அவன் வேகத்தைக் குறைக்கிறான் என்று அர்த்தம். டாப்ளர் விளைவு பாடத்தில் வருவதற்கு முன்பே எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். லாட மூக்கு வௌவால் இதே டாப்ளர் விளைவைச் சமாளிப்பதை 1968இல் ஹான்ஸ்-உல்ரிக் ஷ்னிட்ஸ்லர் காட்டினார். பறக்கும் வேகத்தால் எதிரொலியின் சுருதி ஏறுமென்று, அது தன் குரலை முன்கூட்டியே அந்த அளவுக்கு இறக்கிக்கொள்கிறது. தன் காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதியில் பதில் வந்து விழுகிறது.

ஒற்றுமை அத்தோடு நின்றுவிடுகிறது. வௌவால் கேட்பதற்காகக் கத்துகிறது. கேட்பதற்காக வாயை மூடிக்கொள் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பது பழமொழி. பொம்பளை சிரிச்சா போச்சு என்பது இன்னொன்று. நடக்கும்போது கொலுசுச் சத்தம் வரக் கூடாது, செல்போனில் உரக்கப் பேசக் கூடாது, நின்றால் அசையக் கூடாது. நம்முடையது இரையின் செவி.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் ஆராய்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜி. மாரிமுத்துவும் ஜெர்மானியரான கெர்ஹார்ட் நொய்வைலரும் செய்து 1987இல் வெளியிட்டது. மெகாடெர்மா லைரா என்ற வௌவால், ஆங்கிலத்தில் 'பொய்க் காட்டேரி' என்று பெயர் வாங்கியிருந்தாலும், ரத்தம் குடிப்பதில்லை. தவளை, எலி, பெரிய பூச்சிகளைத் தரையிலிருந்து பிடித்துத் தின்னும். தரையில் இருந்த தவளை குதித்தால் பாய்ந்தது. அசையாமல் இருந்தால் கண்டுகொள்ளவில்லை. செத்த தவளையைக் கயிற்றில் கட்டி விசுக்கென்று இழுத்தால் அதன்மேலும் பாய்ந்தது. சத்தம் எழாதபடி ஈரத் தரையில் குதிக்க வைத்தால், உயிருள்ள தவளையையும் விட்டுவிட்டது. அந்தச் சோதனைகளில் வௌவால் நம்பியது சரசரப்பை மட்டுமே. சோதனையைப் படித்ததும் என் அறைத்தோழி சொன்னாள்: "நம்ம வீட்டுல சொல்றதுதான்டி. அசையாம இருந்தா தப்பிச்சுக்கலாம்."

தப்பிக்கலாமா? பனாமாவில் துங்காரா என்றொரு சின்னத் தவளை குட்டைகளில் உட்கார்ந்து கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டே வேட்டையாடும் வௌவால் அங்கே உண்டு என்று மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரயனும் 1981இல் எழுதினார்கள். வௌவால் வருவது தெரிந்தால் தவளை உடனே வாயை மூடிக்கொள்ளும். ஆனால் 2014இல் வூட்டர் ஹால்ஃப்வெர்க், ரேச்சல் பேஜ் முதலியோர் வேறொன்றைக் கண்டார்கள். கூப்பிடும்போது தவளையின் தொண்டைப்பை உப்பி அடங்குவதால் தண்ணீரில் எழுந்த அலைவட்டம், குரல் நின்ற பிறகும் சில நொடி பரவிக்கொண்டே போகிறது. வௌவால் எதிரொலியால் அந்த வட்டத்தைப் படித்துவிடுகிறது. மௌனமாகிவிட்ட தவளை இருக்கும் இடம் தெரிந்துபோகிறது. பேசி முடித்துவிட்டு மௌனமாவது பயன் தராது, குட்டைக்குள் உட்கார்ந்திருக்கும்வரை.

இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குட்டையில் கூப்பிடுவது ஆண் தவளை. பெண் தவளை கரையில் இருந்து கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது. அது மௌனமாக இருப்பது பயத்தால் அல்ல. யார் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறது. இயற்கையில் இருந்து பெண்ணுக்குப் புத்தி எடுத்துக் கொடுப்பவர்கள் இந்தத் தவளையைச் சொல்வதில்லை. எப்போதும் தாய்மைக்குத்தான் போவார்கள்.

சரி, தாய்மைக்கே போவோம். டெக்சஸில் சான் அன்டோனியோ அருகே பிராக்கன் குகை. மெக்சிகோ வால்நீட்டி வௌவால்கள் கோடைக்கு அங்கே கோடிக்கணக்கில் வந்து குட்டி போடும், வருபவை பெரும்பாலும் தாய்கள். ரோமம் முளைக்காத குட்டிகள் ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். 1960களில் இந்த இனத்தின் குகைகளை ஆராய்ந்தவர்கள், இந்த நெரிசலில் யாருக்கு யார் பிள்ளை என்று தெரிய வழியில்லை, தாய்கள் முன்னால் முட்டுகிற குட்டிக்கு மடியைக் கொடுத்துவிடுகின்றன என்று எழுதினார்கள். ஒரு பெரிய பால்மாட்டு மந்தையோடு ஒப்பிட்டார்கள். கேட்காமலே கொடுக்கிற பால்! இருபது ஆண்டு கழித்து கேரி மெக்கிராக்கன் மரபணுவழிப் பரிசோதனை செய்து பார்த்தபோது, பெரும்பாலான தாய்கள் தங்கள் குட்டிக்கே பால் கொடுப்பது தெரிந்தது. விட்டுப்போன இடத்தின் ஞாபகம், குட்டியின் குரல், பிறகு வாசனை. ஒவ்வொரு குட்டியின் அழைப்பும் வேறு. லட்சம் குரலுக்கு நடுவே தாய் கூப்பிட, குட்டி பதில் கூப்பிட, ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. அவற்றின் காது செய்கிற வேலை ஆராய்ச்சியாளர் கண்ணுக்குப் படவில்லை. அதனால் அங்கே வேலையே நடக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். குழந்தை ராத்திரி அழுததே கேட்கவில்லை என்று காலையில் சொல்லும் கணவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் நல்ல மனிதர்கள்தான்.

குரலின் கதைக்கு வருகிறேன். வௌவால் கத்துவது எவ்வளவு உரக்க? கூண்டுக்குள் அளந்தவர்களுக்குக் கிடைத்த எண் உண்மையைவிடக் குறைவு, ஏனென்றால் அடைந்த இடத்தில் வௌவால் குரலைத் தணித்துக்கொள்கிறது. டென்மார்க்கின் அன்னமாரி சூர்லிக்கேயும் ஜெர்மனியின் எலிசபெத் கால்கோவும் பனாமாவில் திறந்த வெளியில், இருட்டில், மைக்குகளை வரிசையாக நட்டு அளந்தார்கள். 2008இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் மீன்பிடி வௌவால்களின் உச்ச அளவு, வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில், 140 டெசிபலைத் தொடுகிறது. நம் காதுக்கு எட்டும் ஒலியாக இருந்தால் வலிக்கும். அடைத்து வைத்த பிராணியின் குரலை வைத்து அதன் குரல் இவ்வளவுதான் என்று சொல்லிவிடக் கூடாது என்பதைக் கண்டவர்கள் இரவில் வெளியே நின்ற இரண்டு பெண்கள். கால்கோ 2011இல் தான்சானியாவில் களப்பயணத்தின்போது 49 வயதில் இறந்தார். சூர்லிக்கேயும் 2015இல் போய்விட்டார். அவர்கள் படங்களை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் பாடம் நடத்தும் இடத்தில் இரவுக் களப்பணிக்கு ஒரு படிவம் உண்டு. மாணவிகளுக்கு மட்டும் அதில் ஒரு கட்டம் கூடுதல்: உடன் செல்லும் ஆண் உறவினர் அல்லது உதவியாளர் பெயர். மூன்று வருடமாக அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. போன ஆவணியில் இரண்டு மாணவிகள் அந்தக் கட்டத்தில் ஒருவருக்கொருவர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் கண்மாய்க் கரையில் பதிந்துவந்ததைக் கணினியில் விரித்துப் பார்த்தோம். மேலே 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வௌவாலின் கோடுகள், வளைந்த சீப்புப் பல் போல. நடுவில் சிள்வண்டின் தடித்த பட்டை. அடியில், படத்தின் கரையோரம், மங்கலாகச் சில திட்டுகள். அது என்ன மேடம் என்று கேட்டாள் ஒருத்தி. ஒலியைக் கூட்டி ஓடவிட்டோம். 7 மணி 12 நிமிடத்தில், வௌவால் ஒரு பூச்சியைப் பிடித்து முடித்த உடனே, அவளே தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பசிக்குதுடி, பரோட்டாக் கடை இன்னும் திறந்திருக்கும்ல?"