கதவைத் திறந்தது யார்?

எர்ணாவூர்ப் பக்கம் கார் ஓட்டினால் பொறுமை வளரும். கூடவே இன்ஜினின் ஜாதகமும் தெரிந்துவிடும்! கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரைமணி ஊர்ந்தபோது என் வண்டியின் டெம்பரேச்சர் முள் சமர்த்தாக நடுவில் நின்றது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வழி கிடைத்து, கடல்காற்று பட்டதுமே 'சி' பக்கம் படுத்துவிட்டது.

''கூலா இருந்தா நல்லதுதானேடா?'' என்றான் நண்பன்.

அதுதான் இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு இருக்கிறது. தண்ணீர் 80, 90 டிகிரி சுட்டதும் அது உருகி விரிந்து, ரேடியேட்டர் பக்கக் கதவைத் திறக்கும். கதவு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறாது. பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும். மூடியபடி மாட்டினால் முள் சிவப்புக்குப் பாயும். (நின்றால் சிவப்பு, ஓடினால் நடு என்றால் ஃபேனைப் பாருங்கள்!)

1949-லேயே ஆஸ்டின் கார் பூட்டிய எண்ணூர் பக்கத்தில்தான். மெக்கானிக்குக்கா பஞ்சம்? ஒருவர் கழற்றினார். ஆறிய பிறகும் 'ஆ'வென்று திறந்தே கிடந்தது.

''நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்? தூக்கிக் கடாசிடலாம்!''

''கடாசினாலும் கதவு திறந்துதானே கிடக்கும்? புதுசு மாட்டுங்க.''

டீப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துப் புதுசைப் போட்டோம். கொதிக்கும் முன்பே மெல்ல வாய் திறந்தது. அன்றைக்கு டீதான் கிடைக்கவில்லை.