பழைய ஆம்னி சொல்லித்தந்த பாடம்



ஓய்வு பெற்றதும் புனலூரில் ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கினேன். பின்சீட்டை மடக்கி மெத்தை விரித்து, கட்டுச்சோற்றோடு நானும் வீட்டம்மாவும் புளியரை தாண்டி ஆரியங்காவு, பாலருவி, தென்மலை என்று சுற்றினோம். குற்றாலச் சாரலில் வண்டிக்குள்ளேயே தூங்கியதும் உண்டு.

வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் நம்பர் மாற்ற வேண்டும். புனலூரில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் 76 எண் பெற்றேன். வாங்கும்போது இவ்வளவு கவனம். விற்கும்போது கோட்டை விட்டேன்.

அவளுக்கு மூட்டுவலி வந்ததும் தெரிந்தவருக்கே விற்றேன். "அடுத்த வாரம் பேர் மாத்திருதேன் சார்" என்றார். படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

எட்டு மாதம் கழித்து, விபத்து நஷ்டஈடு கேட்டு என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை வக்கீல் விளக்கினார். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததால் தப்பித்தேன்.

"எழுதினதை ஒருதரம் சரிபாரு" என்று காலமெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னவன் நான்.

வண்டி விற்றால், பெயர் மாறிய ஆர்சியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.