கோமுகிக் கரையில் ஒரு கல்

ஊட்டிக்குப் போனால் போட்டிங்கோடு திரும்பிவிடாதீர்கள். செயின்ட் ஸ்டீபன் சர்ச்சின் பின்னால் மேடேறினால் பழைய கல்லறைத் தோட்டம். 1838-ல் இறந்த ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அங்கேதான் இருக்கிறார்கள். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி (பி.காம். புத்தி, விலைதான் முதலில் ஞாபகம் வருகிறது!) ஊரை உண்டாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் குடும்பம். அவர் இறந்தது 1855-ல், இங்கிலாந்தில். அடக்கமும் அங்கேதான். அம்மாவும் பெண்ணும் மட்டும் இங்கே.

கல்லில் பேரைத் தடவிப் பார்த்தேன். இன்னும் படிக்க முடிகிறது.

எங்க வடக்கனந்தலில் ஆயாவைக் கோமுகி ஆற்றங்கரையில் புதைத்தபோது எனக்கு ஏழு வயசு. அடையாளத்துக்கு அப்பா ஒரு கல் நட்டார். பேரெல்லாம் எழுதவில்லை. நமக்குத் தெரியாதா என்ன? போன பொங்கலுக்குப் போய்த் தேடினேன். கரை முழுக்க சீமைக்கருவேலம்.

"இந்தப் பக்கம்தான்டா" என்று கை நீட்டினார் பெரியப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, கையை அந்தப் பக்கம் திருப்பினார்.