பகடி வீடு

மும்பையின் மாட்டுங்காப் பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் 'பகடி' என்ற சொல் நன்கு பழக்கம். மராத்தியில் அது தலைப்பாகையைக் குறிக்கும். தமிழிலோ எள்ளலைக் குறிக்கும். நம் பெரியோர் பலர் ஒரு பெருந்தொகையை முதலில் கொடுத்துவிட்டு, சிறு வாடகையில் குடியேறிய முறைக்கும் அதுவே பெயர். இன்று எல்லாப் பொருளும் ஒன்றாகிவிட்டன. தலைக்கு மேல் கூரை உண்டு. அக்கூரையே நம்மைப் பார்த்து நகைக்கின்றது.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையையே அளவாகக் கொண்டது. ஊர்விட்டு வந்த எளியோர்க்கு அஃது அரணாயிற்று. ஆனால் சிமெண்டின் விலையும் கொத்தனார் கூலியும் 1940-இல் நின்றுவிடவில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் உயர்த்த இடமளித்தது. அடித்தொகை சிறிதாகையால் உயர்வும் சிறிதே. வரவு இல்லை என்று உரிமையாளர் பலர் கைவிட்டனர். சுவர்கள் கேட்பாரற்றுப் போயின.

அரசு வாளாவிருக்கவில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழுதுபார்ப்பு வாரியம் தோன்றியது. அதற்கெனச் 'செஸ்' வரியும் வந்தது. இன்று அப்பொறுப்பு 'ம்ஹாடா' நிறுவனத்தினுடையது. மாநகராட்சியோ 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 354-ஆம் பிரிவின்படி, இடியும் நிலையிலுள்ள கட்டடத்தைச் செப்பனிடவோ இடிக்கவோ ஆணையிடலாம். 'சி-1' எனக் குறிக்கப்பட்ட கட்டடத்தை உடனே காலி செய்தல் வேண்டும். மறுத்தால் தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்படும்.

எனினும், அறிவிக்கை ஒட்டப்பட்ட வீட்டிலிருந்து மக்கள் எளிதில் வெளியேறுவதில்லை. எங்கள் மாடிப்படியை இரும்புத் தூண்கள் தாங்கத் தொடங்கிப் பல மழைக்காலங்கள் கழிந்துவிட்டன. 'வெளியே போனால் திரும்பி வர விடுவார்களா?' என்பதே முதியோரின் ஒரே கேள்வி. இடைக்கால முகாமுக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர்களை அவர்கள் அறிவார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும், 2017 ஆகஸ்டு 31-இல் பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் சரிந்து 33 பேர் மாண்டதும் பொய்யன்றே. அதுவும் புதிதாகக் கட்டப்படவிருந்த கட்டடந்தான்.

அன்பர்களே, கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்ற குமாஸ்தாக்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. உரிமையைக் காப்பது வீட்டினுள் கிடக்கும் உடல் அன்று. ஏட்டில் ஏறிய பெயரே. குடியிருப்போரின் பட்டியலையும் அவரவர் இடத்தின் அளவையும் பதிவுசெய்த பின்னரே கட்டடத்தை இடித்தல் வேண்டும் என்று 2014-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நெறி வகுத்துள்ளது. எனவே வாடகை ரசீதுகளையும் ரேஷன் அட்டையையும் மின்கட்டணச் சீட்டுகளையும் பேணி வைப்போம். அளவெடுக்க வருவோரிடம் நம் அறையின் அளவை எழுத்தில் கேட்டுப் பெறுவோம். தாத்தாவின் பெயரிலேயே இன்னும் ரசீது வருமாயின், அதனை மாற்றும் வேலையை இவ்வாண்டே தொடங்குவோம்.

ஏடுகள் ஒழுங்காக இருந்தால், மழைக்கு முன் பெரியவர்களைக் கைபிடித்துப் படியிறக்கி அழைத்துவர நமக்குத் துணிவு பிறக்கும்.