பாவித்த காரின் விலை

1983ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தில், நைஜீரியா நாட்டில், என் வாழ்வின் முதலாவது காரை வாங்கினேன். 900 நைரா என்று பேசி முடித்த காரை 400 நைராவுக்கு வாங்கினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. மீதி 500 நைராவின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஆசிரியனாக வாழ்ந்தவன் தன் பிழையையும் பாடமாகச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற எண்ணத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

எண்ணெய் விற்ற பணத்தில் நைஜீரியா பள்ளிக்கூடங்களைப் பெருக்கிய காலம் அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்ற திட்டத்தை அந்நாட்டு அரசு 1976இல் தொடங்கியது. அதன் பின்னர் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆள் போதாமையால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கானாவிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே சென்றார்கள். ஒரு நைரா ஓர் அமெரிக்க டொலரிலும் பெறுமதி கூடியதாக இருந்த காலம் என்றால், நாங்கள் ஏன் போனோம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1982 ஒக்டோபரில், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இபாடன் நகருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் போய் இறங்கினோம்.

பாடசாலை வீட்டிலிருந்து நான்கு மைல். தேவாலயம் ஊரின் மறுகோடியில். நவம்பரில் ஓர் இரவு இளைய பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல் ஏறியபோது, வைத்தியசாலைக்குப் போக வாகனம் தேடி வீதியில் இரண்டு மணி நேரம் நின்றேன். கார் வேண்டும் என்ற முடிவு அன்றிரவு பிறந்தது. ஆனால் தேவை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் கார் என்பது டாக்டருக்கும் பிரக்கிராசிக்கும் உரியது. ஏனையோர் கலியாணத்துக்கோ ஆசுபத்திரிக்கோ ஓர் ஒஸ்ரின் ஏ-40ஐ வாடகைக்குப் பிடிப்பார்கள். ஆசிரியனுக்குச் சைக்கிள். காருக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்பும் ஆசையும் எனக்கு இருந்தது.

எங்கள் தேவாலயத்திலே பின்வரிசையில் வந்து அமரும் ஒரு மெக்கானிக் இருந்தார். கானா நாட்டவர். ஊரவர் ஒருவருடைய கராஜில் வேலை செய்தார். 1976ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் பீற்றில் ஒன்றைப் பழுதாகக் கிடந்த நிலையில் வாங்கி, ஓய்வு நேரங்களில் திருத்தி வைத்திருந்தார். லாகோஸில் 1975 முதல் பொருத்தப்பட்டு வந்த இனம். இயந்திரம் பின்னால், சாமான் வைக்கும் பெட்டி முன்னால் என்று கண்டு என் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அந்த மனிதர் தம்முடைய காரின் குறைகளைத்தான் முதலில் காட்டினார். பின் ஆசனத்தைத் தூக்கி, அதன் கீழே பற்றறி இருக்கும் இடத்தில் தகடு துருப்பிடித்திருந்ததையும், தாம் ஒட்டுத் தகடு வைத்ததையும் காட்டினார். இந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் இல்லை, காற்றுத்தான் குளிர்ச்சி. சிவப்பு விளக்கு எரிந்தால் விசிறியின் பட்டி அறுந்திருக்கக்கூடும், உடனே நிறுத்துங்கள் என்று படிப்பித்தார். வீதியின் இடப்பக்கத்தில் பழகிய எனக்கு, வலப்பக்கத்தில் ஓட்டவும் ஞாயிறு மாலைகளில் அவரே பழக்கினார். நத்தார் வாரத்தில் விலை பேசினோம். 900 நைரா. ஏப்ரலில் பணம், அன்றே கார். அவர் அந்தப் பணத்தோடு ஒரு பீஜோ 504 வாங்கி வாடகைக்கு ஓட்ட எண்ணியிருந்தார்.

1983 ஜனவரி 17ஆந் திகதி அரசின் கட்டளை வெளியாயிற்று. உரிய பத்திரமில்லாத வெளிநாட்டவர் இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். தொழில் தேர்ச்சி பெற்றோருக்கு பெப்ரவரி முடிவு வரை தவணை என்றும் இருந்தது. ஆனால் அந்த வேறுபாட்டைப் படித்துப் பார்க்க வீதியில் நின்ற எவருக்கும் பொறுமை இல்லை. எண்ணெய் விலை இறங்கி, வேலைகள் குறைந்து, தேர்தலும் நெருங்கிக் கொண்டிருந்தது. செழிப்பான காலத்தில் கட்டடம் கட்டவும் லொறி ஓட்டவும் அழைக்கப்பட்டவர்கள், நெருக்கடி வந்ததும் நெருக்கடிக்கே காரணமானவர்களாக ஆக்கப்பட்டார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மூட்டை கட்டினார்கள். அவர்கள் சுமந்து சென்ற கட்டம் போட்ட பெரிய பைகளுக்குக் 'கானாக்காரர் போக வேண்டும்' என்ற பொருளுள்ள பெயர் நிலைத்து, இன்றும் மேற்கு ஆபிரிக்காவில் வழங்குகிறது. அரச பாடசாலை ஆசிரியனான என்னைக் கட்டளை தொடவில்லை. நானும் வெளிநாட்டவன்தான், ஆனால் பத்திரமுள்ள வெளிநாட்டவன்.

கடைசி வாரத்தில் ஓர் இரவு மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தார். தரைவழியில் போக முடியாது. கானா தன் எல்லையை முந்திய ஆண்டிலேயே மூடியிருந்தது. லாகோஸ் துறைமுகத்தில் கப்பல் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். கப்பலில் காரை ஏற்ற முடியாது. கராஜ் முதலாளி 200 நைரா தருவதாகச் சொல்லியிருந்தார். "ஆசிரியரே, உங்களிடம் இருப்பதைத் தாருங்கள்" என்றார்.

என்னிடம் 650 நைரா இருந்தது. "400தான் இருக்கிறது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பணத்தை எண்ணவும் இல்லை. திறப்பையும் பத்திரங்களையும் மேசையில் வைத்தார். குமாசி நகரத்துத் தபாற்பெட்டி இலக்கம் ஒன்றை எழுதித் தந்தார். புதிய விசிறிப் பட்டி ஒன்று முன்பெட்டியில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பின் மனைவி கேட்டாள்: "உங்களிட்டை 650 இருந்ததுதானே? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

என்னிடம் விடைகள் பல இருந்தன. நான் எடுக்காவிட்டால் முதலாளி 200க்கு எடுப்பான். அவனிலும் இரட்டிப்பாகக் கொடுத்தேனே. காப்புறுதிக்கும் ரயருக்கும் பணம் வேண்டாமா? அவரைத் துரத்தியவன் நானா? இவை ஒவ்வொன்றும் உண்மை. எல்லாம் சேர்ந்து ஒரு பொய்.

அடுத்த ஞாயிறு, அந்நாட்டு வழக்கப்படி, காரைத் தேவாலய வாசலில் நிறுத்தி நன்றி செலுத்தினோம். போதகர் செபித்தார், சபையார் பாடினார்கள். பின்வரிசை வெறுமையாக இருந்தது. விற்பதிலும் வாங்குவதிலும் ஒருவரை ஒருவர் ஒடுக்கக்கூடாது என்று லேவியராகமத்தில் விதி இருப்பதை நான் அறிவேன். ஞாயிறு வகுப்பில் கற்பித்தும் இருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

நினைவூட்ட ஆறு மாதம் போதுமாயிருந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தையில் இருந்த என் தங்கையின் கடிதம் செப்டெம்பரில் வந்தது. அவர்களுடைய வீடு தப்பிவிட்டது. அகதி முகாமிலிருந்து ஒரு நாள் திரும்பி வந்து, குளிர்சாதனப் பெட்டியையும் தையல் மெசினையும் அயல்வீட்டுப் பெண்ணுக்கு விற்றுவிட்டு, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போயிருந்தார்கள். 'அவ நல்ல மனுசி அண்ணை, அழுதவ. ஆனால் அவ சொன்ன விலைக்குத்தான் குடுத்தம்' என்று எழுதியிருந்தாள். அந்த அயல்வீட்டுப் பெண்ணை நான் கண்டதில்லை. ஆயினும் அவளை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தக் கடிதம் அதற்கும் முந்திய ஒன்றைக் கிளறிவிட்டது. 1974இல் நான் ஹற்றனில் படிப்பித்தேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியிருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்கள், தலைமன்னார் போகும் ரயில் ஏறுமுன் ஆட்டையும் பாத்திரத்தையும் விற்றார்கள். விடுதியிலிருந்த ஆசிரியர்களாகிய நாங்கள் பித்தளைக் குடங்களை மலிவாக வாங்கினோம். ஒப்பந்தத்தைக் கண்டித்து மாலையில் கூட்டத்தில் பேசியவர்களும் வாங்கினோம். நான் வாங்கிய குடம் நெடுநாள் எங்கள் அம்மாவின் அடுக்களையில் இருந்தது.

1985இல் என் முறை வந்தது. இராணுவ அரசு செலவைக் குறைத்தது. வெளிநாட்டவரை இரண்டாம் முறையும் வெளியேற்றியது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. கார் விற்பனைக்கு வந்தது. வாங்க வந்தவர் உடன் ஆசிரியர், அந்த ஊர் யொருபா இனத்தவர். போகும் அவசரத்தில் 400 என்றேன். அவர் மறுத்தார். சந்தையில் விசாரித்தேன், 700 பெறும் என்று சொல்லி 700ஐ எண்ணி வைத்தார்.

காரணத்தைப் பின்னர் சொன்னார். 1969இல் கானா அரசு வெளிநாட்டவரை இரண்டு வாரத்தில் துரத்தியபோது, அவருடைய தகப்பனார் குமாசியில் தையற்கடை வைத்திருந்தாராம். கடையையும் மெசின்களையும் பஸ் கட்டணத்துக்கு விற்றுவிட்டு வந்தாராம். 1983இல், அன்று அவர்கள் செய்ததற்கு இன்று பதில் கிடைத்தது என்று சந்தையில் பேசியவர்கள் பலர். அப்படிப் பேச மற்றவர்களிலும் அதிக காரணம் அவருக்கு இருந்தது. அவரோ அதே அனுபவத்திலிருந்து வேறொரு பாடம் படித்திருந்தார். "போகிறவர் என்பதற்காக விலை குறையக்கூடாது" என்றார். நான் என் கதையை அவரிடம் சொல்லவில்லை. வெட்கம் விடவில்லை.

அந்த 700இலிருந்து 500ஐத் தனியே எடுத்து வைத்தேன். குமாசித் தபாற்பெட்டிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது, அந்தப் பணமும் ஏனைய பணத்தோடு சேர்ந்து கரைந்தது.

சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் சமம். இருவரும் இசைந்த விலையே நியாயமான விலை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மெக்கானிக்கும் இசைந்தார். தங்கையும் இசைந்தாள். தோட்டத்துத் தாய்மாரும் இசைந்தார்கள். ஆனால் இசையாமல் வீடு திரும்ப அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. நாடு கடத்தும் கட்டளையில் கையொப்பமிடுபவர் ஒருவர். அந்தக் கட்டளையின் இலாபமோ எங்களைப் போன்ற ஆயிரம் நல்ல மனிதர்களின் வீடுகளில் குடமாகவும் மெசினாகவும் காராகவும் பங்கு போடப்படுகிறது. பங்கு கிடைத்தவர்கள் பிறகு உரத்துக் கண்டிப்பதில்லை.

இன்று எங்கள் பிள்ளைகளும் மாணவர்களும் பல நாடுகளில் குடியேறிப் பாவித்த கார்களை வாங்குகிறார்கள். இயந்திரத்தைப் பாருங்கள், துருவைப் பாருங்கள், பத்திரங்களைப் பாருங்கள் என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். அவற்றோடு இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: இந்த விலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே காரில் ஏறித் தன் வீட்டுக்குப் போகக்கூடிய நிலையில் விற்பவர் இருக்கிறாரா?