வண்டி ஓடுகிறது, மீட்டர் மட்டும் இருட்டு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துப் போன பிறகு, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் கார் எலக்ட்ரீஷியன்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பல கார்களில் எலக்ட்ரானிக் பெட்டிகள் டேஷ்போர்டுக்கு அடியிலோ, கால் வைக்கும் இடத்தின் ஓரத்திலோ, சீட்டுக்குக் கீழேயோதான் இருக்கும். இஞ்சின் வரை ஏறாத தண்ணீர்கூட இவற்றை நனைத்துவிடும். பெட்டியை மாற்றுவார்கள், கார் ஸ்டார்ட் ஆகும், பில்லைக் கட்டி ஓட்டிப் போவார்கள். அன்று இரவு விளக்கைப் போட்டால் மீட்டர் எரியாது. இந்த ஒரு கோளாறுக்காகவே வண்டிகள் தேடி வரும் பட்டறை ஒன்றில் போய் உட்கார்ந்தேன்.

தகரக் கொட்டகை. இரண்டு கார் நிறுத்தலாம். மூன்றாவது வந்தால் பாதி தெருவில் நிற்கும். மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். டைனமோவுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் காயில் சுற்றிப் பழகிய கை. அம்பாசடர் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே பல்பு மாற்றிய தலைமுறை. இன்று அவருடைய மேசையில் ஸ்கேனரும் லேப்டாப்பும் பூதக்கண்ணாடியும் இருக்கின்றன. பழைய டெஸ்ட் லேம்ப் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

நான் பார்த்த வண்டி ஒரு கால் டாக்சி. இஞ்சினை ஆளும் ஈசியுவையும் பிசிஎம்மையும் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கி வேறெங்கோ மாட்டியிருந்தார்கள். விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு போன்றவற்றை ஆளும் பெட்டிக்குத்தான் பிசிஎம் என்று பெயர். இரவு சவாரிக்குப் போகும் ஓட்டுநர், வேகம் தெரிவதற்காகக் கைபேசி டார்ச்சை ஸ்டியரிங்குக்குப் பின்னால் செருகி வைத்து ஓட்டியிருக்கிறார்.

மாஸ்டர் மீட்டரைத் தொடவே இல்லை. "பின்னாடி பார்க்கிங் லைட் எரியுதாப்பா?" என்றார். ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்து, எரிகிறது என்றார். பல கார்களில் பின்விளக்குக்கும் டேஷ்போர்டு வெளிச்சத்துக்கும் ஒரே ஃபியூஸ்தான். பின்விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்து ஏசி குமிழ், ஜன்னல் சுவிட்ச். அவையும் எரிந்தன.

"சுவிட்செல்லாம் எரியுது, மீட்டர் மட்டும் எரியலன்னா சப்ளை வந்துடுச்சுன்னு அர்த்தம் சார். இனி மீட்டர்கிட்ட யாரு என்ன சொல்றாங்கன்னுதான் பாக்கணும்."

அதற்கு முன் இரண்டு சின்னச் சோதனைகள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகிப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் அளவு கீழே இறங்கிவிடுமாம். பிறகு எர்த். விளக்குகளைப் போட்ட நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மீட்டர் கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்தார். 0.04 வோல்ட் காட்டியது. கால் வோல்ட், அரை வோல்ட் என்று ஏறியிருந்தால் எர்த் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே கெட்டால் வெளிச்சம் மங்கும், இண்டிகேட்டர் போட்டால் மீட்டரும் கூடவே துடிக்கும்.

இனி பேச்சு வயர்கள். பழைய வண்டியில் ஒரு பல்புக்கு ஒரு வயர் போகும். இப்போதைய கார்களில் பெட்டிகள் ஒன்றோடொன்று கேன் என்ற தடத்தில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள், இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் பதினாறு கால் கப்ளரில் 6-க்கும் 14-க்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. அந்த ரெசிஸ்டர் பெரும்பாலும் ஏதாவதொரு பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டியை மாற்றிய வண்டியில் இந்த அளவை எடுக்காமல் மேலே போவதில்லை என்றார் மாஸ்டர். இந்த டாக்சியில் 60 சரியாக வந்தது. பேட்டரியை மாட்டி ஸ்கேனரில் பார்த்தால், மீட்டரோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யு-0155 என்ற பிழைக் குறியீடும் இல்லை.

பேச்சு நடக்கிறது, ஆனால் பேச வேண்டியதைப் பேசவில்லை. ஸ்கேனரில் மீட்டருக்கு வரும் தகவலைத் திறந்து காட்டினார். ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்க, மீட்டருக்கு வந்த வெளிச்ச அளவு பூஜ்யம். புதுப்பேட்டைப் பெட்டி அதே மாடல் காரிலிருந்து எடுத்ததுதான். ஆனால் விலை குறைந்த ரகம். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வேறு. அந்த ரகத்தில் மீட்டருக்கு வெளிச்ச அளவைச் சொல்லும் வேலையே பிசிஎம்முக்கு இல்லை. பழைய வீட்டில் யாரும் கேட்காத கேள்விக்குப் புது வீட்டில் பதில் சொல்லத் தெரியாத வேலையாள்போல அது சும்மா இருந்திருக்கிறது.

கம்பெனி மென்பொருள் இருந்தால் இந்த வண்டியின் ரகத்தைப் பெட்டிக்குள் எழுதிவிடலாம். இவரிடம் அது இல்லை. ஓட்டுநர் புத்திசாலி, நனைந்த பழைய பிசிஎம்மைத் தூக்கிப் போடாமல் பையில் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் காய்ந்த சேற்று வாடை அடித்தது. கப்ளர் பின்கள் பச்சை பூத்திருந்தன. பட்டறைப் பையன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தொட்டுப் பிரஷ்ஷால் போர்டைக் கழுவினான். மூலையில் அரிசியைவிடச் சற்றே பெரிய, எட்டுக் கால் மெமரி சிப். அதன்மேல் கிளிப்பை மாட்டி, உள்ளே இருந்ததை மாஸ்டர் இரண்டு முறை படித்தார். இரண்டு நகலும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போன பிறகுதான் மாட்டியிருந்த பெட்டியைக் கையிலெடுத்தார். அதிலிருந்ததையும் முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு பழையதை எழுதினார். பெட்டியைத் திரும்ப மாட்டி, பேட்டரிக்குச் சார்ஜரைக் கொடுத்துவிட்டுச் சாவியைப் பதிவு செய்தார். நடுவில் வோல்ட் இறங்கினால் பெட்டியே செத்துப்போகக்கூடும்.

மீட்டர் வெள்ளையாக எரிந்தது. குமிழைத் திருகினால் கூடிக் குறைந்தது. ஓட்டுநர் டார்ச்சை உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

டெஸ்ட் லேம்ப் ஏன் சும்மா தொங்குகிறது என்று கேட்டேன். அதிலிருப்பது சாதாரணப் பல்பு, இழுக்கும் கரண்ட் அதிகம். அதை ஈசியு வயரில் வைத்தால் உள்ளே இருக்கும் டிரைவர் சிப் எரிந்துபோகலாம். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் மட்டும் அது இறங்கி வருமாம். அதே நாளில் இன்னொரு கார் வந்தது. மீட்டர் மங்கல், இண்டிகேட்டரோடு துடிப்பு. பெட்டி மாற்றியவர்கள் கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டை முடுக்காமல் விட்டிருந்தார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு திருகல், அவ்வளவுதான். கோளாறுகளில் பெரும்பங்கு இந்த வகைதான் என்கிறார் மாஸ்டர். லேப்டாப்பை முதலில் திறப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தத் தொழிலின் இன்னொரு பக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. "கிலோமீட்டரைக் குறைச்சுக் குடுன்னு வர்றவங்களுக்கும் இதே கிளிப்புதான் சார். நான் அனுப்பிச்சுடுவேன்." அப்படி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி, ரகத்தை எழுதும் மென்பொருளைக் கார் கம்பெனிகள் வெளிப் பட்டறைக்குத் தராமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருட்டு வேலை செய்பவன் எப்படியும் கிளிப்பை வாங்கிவிடுகிறான். நேர்மையாகச் செய்பவர்தான் சிப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-லேயே வாக்காளர்கள் கார் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நம் நாட்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசல் திறந்தது. கார்களும் அதில் உண்டு. அந்த மேசையில் அதன் பலன் எதையும் நான் காணவில்லை.

காரில் பெட்டி மாற்ற நேர்ந்தால் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், செத்த பெட்டியிலும் உங்கள் வண்டியின் விவரம் உயிரோடு இருக்கலாம். இன்சூரன்ஸ்காரர்கள் பழைய பெட்டியைக் கேட்டால், நகல் எடுத்த பிறகு கொடுங்கள். இரண்டு பெட்டிகளின் பார்ட் நம்பரையும் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். பணம் கொடுக்குமுன் இருட்டில் வண்டியை நிறுத்தி, மீட்டர், சுவிட்ச், பின்விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.