சிவப்புக் கோடு

கோவை சரவணம்பட்டியில் இரண்டாம் மாடி. மருத்துவமனைகளுக்கு முன்பதிவுச் செயலி எழுதித் தரும் சின்ன அலுவலகம். குழுவை நடத்தும் அக்கா எனக்கு முதலில் காட்டியது ஒரு பழைய பிழையை.

"குறுஞ்செய்தி அனுப்புற பகுதிக்குப் பேர் மாத்தினோங்க. ஒரே ஒரு இடத்துல பழைய பேர் நின்னுபோச்சு. கம்பைல் ஆச்சு, டெஸ்ட்டும் பாஸ். ராத்திரி யாரோ முன்பதிவை ரத்து பண்ண பட்டனை அமுக்கினப்பதான் உடைஞ்சுது."

கொத்தனார் செங்கல் சுடப் போவதில்லை. சித்தாள் எடுத்துக் கொடுக்க, வாங்கி அடுக்குகிறார். முன்பதிவு வகுப்பும் அப்படித்தான். குறுஞ்செய்தி அனுப்புவதை அது தானே உருவாக்கிக்கொண்டால், ஒவ்வொரு டெஸ்ட்டின்போதும் நிஜ நோயாளியின் கைபேசி சிணுங்கும். வெளியிலிருந்து கொடுத்தால், டெஸ்ட்டில் போலி ஒன்றைக் கொடுத்துவிடலாம். இதற்கு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயர் நிலைத்தது, மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு.

கொடுப்பவர் எதைப் பார்த்துக் கொடுக்கிறார் என்பதில்தான் சிக்கல். ஆங்குலர்ஜேஎஸ் காலத்தில் ஃபங்ஷனின் பாராமீட்டர் பெயரையே படித்துப் பொருளைத் தேடினார்கள். கோப்பைச் சுருக்கும் கருவி அந்தப் பெயரை 'ஏ', 'பி' என்று மாற்றியதும் தேடல் தோற்றது. டைப்ஸ்கிரிப்டில் வேறு தொல்லை: கம்பைல் ஆனதும் இன்டர்ஃபேஸ் அழிந்துவிடும். ஓடும்போது தேட அடையாளம் வேண்டுமே என்று ஸ்ட்ரிங்கை வைக்கிறார்கள். அது வெறும் எழுத்து. தவறாக எழுதினாலும் கம்பைலர் கேட்காது.

இவர்கள், இப்படித் தேடிக் கொடுக்கும் கன்டெய்னரையே தூக்கிவிட்டார்கள். எல்லாப் பொருள்களையும் ஒரே கோப்பில், கையால், கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கோக்கிறார்கள். அக்கா ஒரு சொல்லை அழித்தார். உடனே சிவப்புக் கோடு. இரவு பதினொரு மணிக்கு நோயாளியிடம் வெடிக்க வேண்டியது பகலில், எழுதியவர் கண்முன் நிற்கிறது. இந்த உழைப்பு எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது, நோயாளிக்குச் செய்யும் மரியாதை.

பக்கத்து மேசைத் தம்பி மட்டும் ஒப்பவில்லை. "இதையும் பாருங்கண்ணா" என்று, குறுஞ்செய்தி இருந்த இடத்தில் மின்னஞ்சலையும், மின்னஞ்சல் இடத்தில் குறுஞ்செய்தியையும் மாற்றி வைத்தார். கோடு வரவில்லை! இரண்டிலும் 'அனுப்பு' என்று ஒரே மெத்தட். முகவரியும் செய்தியும் ஸ்ட்ரிங்தான். டைப்ஸ்கிரிப்ட் உருவத்தை ஒப்பிடுகிறது, பெயரை அல்ல. உருவம் ஒன்றாக இருந்தால் ஆள்மாறாட்டம் செல்லும்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு இன்டர்ஃபேஸிலும் 'வகை' என்று ஒரு ஃபீல்டு சேர்க்கச் சொன்னார்: ஒன்றின் டைப் 'குறுஞ்செய்தி' என்ற அந்தச் சொல் மட்டுமே, மற்றதில் 'மின்னஞ்சல்' மட்டுமே. தம்பி சேர்த்தார். இவ்வளவு நேரம் சும்மா இருந்த வரி சிவந்தது.

இடம் மாற்றியதைத் திருப்பி வைத்துவிட்டு, வேறு எவையெல்லாம் ஒரே உருவத்தில் இருக்கின்றன என்று இருவரும் கோப்பை மேலிருந்து தேடத் தொடங்கினார்கள்.